விஷத்துக்குப் பதில் தண்ணீர்

கொலைக்கு முதலில் விஷம்தான் இருந்தது. பாலில் கலந்து கொடுக்கிற விஷம். எங்கோ ஒரு குளிர் நாட்டில் எழுதப்பட்டு, ஊர் ஊராகப் போட்டுப் போட்டுப் பழசாகிவிட்ட கொலை மர்ம நாடகம் அது. பெரிய வீட்டின் வாரிசான இளைஞன் இறந்துபோவான். பனிப்புயலில் அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்ட ஐந்து பேரில் ஒருவர் கொலைகாரர். யாரென்று கடைசிக் காட்சியில்தான் தெரியும். அதைத் தமிழாக்கி, அரசலாற்றங்கரையில் மாடி வராந்தா வைத்த ஒரு பழைய காரைக்கால் வீட்டுக்கு இடம் மாற்றியவள் நான். குளிர் நாட்டு வக்கீல் எங்கள் கதையில் சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தேர் ஆனார். பனி மழையாக மாறியது. விஷத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் நாடகக் குழுவில் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்போம். வருடத்துக்கு ஒரு நாடகம். பெரும்பாலும் சிரிப்பு நாடகம், இல்லையென்றால் ஏதாவது விழிப்புணர்வு. முதல் முறையாக ஒரு கொலை நாடகம் போடுகிறோம் என்றதும் எல்லோருக்கும் உற்சாகம். கோட்டுச்சேரியில் மருந்துக் கடை வைத்திருப்பவர் எங்கள் குழுவில் மூத்தவர். மீசைக்காகவே எப்போதும் இன்ஸ்பெக்டர் வேடம் அவருக்குத்தான்.

கதைப்படி கொலைகாரன் அந்த வீட்டுக் காரியஸ்தர். இறந்த இளைஞனைத் தோளில் தூக்கி வளர்த்தவர், யாரும் சந்தேகப்படாதவர். அந்த வேடத்துக்கு வைத்திருந்த கருவூல ஊழியருக்குக் கேரளக் கரையில் இருக்கும் மாகேக்கு மாற்றல் வந்துவிட்டது. நாடகத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அடுத்த ஆள் கிடைக்கும்வரை ஒத்திகை நிற்கக்கூடாது என்று எங்கள் விளக்குக்காரரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். திருநள்ளாறு சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வயல் பம்பு மோட்டாரெல்லாம் நெடுங்காட்டிலிருந்து அவரிடம்தான் வரும். எங்கள் நாடகங்களுக்கு விளக்குப் போட்டுக்கொடுப்பார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். மீனவர் குடும்பத்துக்காரர் என்று தெரியும். ஏன் கடலுக்குப் போவதில்லை என்று நான் கேட்டதில்லை.

அன்று அவர் வாசித்தார். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக, ஏற்ற இறக்கமே இல்லாமல், கொலையை ஒப்புக்கொள்ளும் வசனத்தை வாசித்தார். கூடத்தில் பேச்சு நின்றது. மருந்துக் கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைக்க மறந்துவிட்டார். வாசித்து முடித்ததும் தாளை என்னிடம் நீட்டி, "போதுங்களா டீச்சர்? லைட்டுக்கு ஒயர் வாங்கணும், கடைய சாத்திடுவாங்க" என்றார்.

"அண்ணே, இந்த வேஷத்த நீங்களே பண்ணிடுங்க" என்றேன்.

"நானா? எனக்கு வராதுங்க."

"இப்ப வாசிச்சீங்கல்ல, அது மாதிரியே போதும். நடிக்கவே வேணாம்."

அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். இதுவரை நான் தப்பு எதுவும் செய்யவில்லை.

அந்த வாரமே எங்கள் பள்ளி உதவியாளர் அம்மா என்னிடம் வந்தார். அவரும் விளக்குக்காரரின் ஊர். கடற்கரைக் கிராமம், எது என்று எழுதப்போவதில்லை. "அவரையா டீச்சர் கொலகாரனா போட்டிருக்கீங்க?" என்றார். சிரிப்பும் பயமும் கலந்த முகம்.

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதா? அவரும் அவரு மச்சானும், பொண்டாட்டியோட தம்பி, ஒரே போட்ல போனாங்க. ரெண்டு பேரு போனாங்க, ஒருத்தருதான் வந்தாரு. பதினோரு வருசமாச்சு. பையன் ஒடம்பு கெடைக்கல. முந்தின வாரந்தான் கடக்கரையில ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. என்ன நடந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும். அதுக்கப்பறம் ஊர்ல யாரும் அவரோட கடலுக்குப் போகல. அதான் டவுனுக்கு வந்துட்டாரு."

கேட்டவுடன் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? வேடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஊர்ப் பேச்சால் தொழிலை விட்ட மனிதரை மேடையேற்றிக் கொலைகாரன் என்று காட்டுவது எவ்வளவு கொடுமை என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. அவர் வாசித்தபோது கூடம் ஏன் அமைதியானது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அன்று மாலையே உட்கார்ந்து விஷத்தை எடுத்துவிட்டேன். காரியஸ்தரும் இளைஞனும் ஆற்று முகத்துவாரத்துக்குப் படகில் போகிறார்கள். படகு கவிழ்கிறது. இளைஞன் கையை நீட்டுகிறான். காரியஸ்தர் பிடிக்கிறார். பிறகு விட்டுவிடுகிறார்.

ஒப்புதல் வசனத்தைப் புதிதாக எழுதினேன். "அவன் என் கையப் பிடிச்சிருந்தான். நாந்தான் விட்டேன்." முதலில் இந்த இரண்டே வாக்கியம், அதற்குப் பின் நான்கு வரி. அதை எழுதியபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மருந்துக் கடைக்காரர் கேட்டார். "விஷம் நல்லாத்தான டீச்சர் இருந்துச்சு? நானே என்ன மருந்துன்னு யோசிச்சு வச்சிருந்தேன். ஏன் மாத்துனீங்க?"

"நம்ம ஊருக்கு ஆறும் கடலுந்தான் சார் பொருத்தம்" என்றேன்.

விளக்குக்காரர் புதுத் தாளை வாங்கிப் படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு மனப்பாடமாகச் சொன்னார். முதல் முறை பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினார். அடுத்தடுத்த வாரங்களில் சரியாகிவிட்டது. சொல்லப்போனால் ஒத்திகை முடிந்து போகும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. முன்பெல்லாம் பேசாதவர், பொறிகடலை வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அதைப் பார்த்து நான் சமாதானம் செய்துகொண்டேன். அவருக்கு உறுத்தலே இல்லை, எனக்கு எதற்கு?

இன்னும் ஒன்று செய்தேன். நாடகத்துக்கு நான்கு நாள் முன்பு அவர் மனைவியைத் தேடிப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். விளக்குக்காரரிடம் சொல்லாமல் போனேன். "வீட்டுக்காரரு நடிக்கிறாரு, நீங்க வராம எப்படி? முன்வரிசையில ரெண்டு சீட்டு வச்சிருக்கேன், மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

"நடிக்கிறாரா? லைட்டு போடப் போறேன்னுதான சொன்னாரு" என்றார் அந்தம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லவே இல்ல பாருங்களேன். வர்றேங்க டீச்சர், கண்டிப்பா வர்றேன். அவருக்குத் தெரிய வேணாம், நேரா வந்து ஒக்காந்துக்குறோம்."

மரியாதைக்குக் கூப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முன்வரிசையில் எந்த நாற்காலி என்று நானே போய்ப் பார்த்து வைத்தேன். மேடையின் பக்கவாட்டில், வசனம் எடுத்துக்கொடுக்க நான் நிற்கும் இடத்திலிருந்து அந்த இரண்டு நாற்காலிகளும் நன்றாகத் தெரியும்.

நாடகம் இரண்டு நாள். முதல் நாள், சனிக்கிழமை. அதே கல்யாண மண்டபத்து மேடையில் ஆறு மணிக்குத் தொடங்கினோம். கூடத்தில் பாதிக்கு மேல் ஆட்கள். என் மாணவிகள், மருந்துக் கடைக்காரரின் உறவினர்கள், திருநள்ளாற்றுக்கு வந்து லாட்ஜில் தங்கியிருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று. முதல் பாதி சுமாராகப் போனது. நொத்தேர் ஒரு பக்கம் வசனத்தைத் தாண்டிவிட்டார். மழைச் சத்தம் போட வைத்திருந்த தகரத்தட்டு தவறான இடத்தில் விழுந்தது. சனம் சிரித்தது. கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் காரியஸ்தரின் பக்கம் திரும்பினார்.

அவர் எழுந்து நின்றார். வலது கையைப் பார்த்தபடி சொன்னார். "அவன் என் கையப் பிடிச்சிருந்தான். நாந்தான் விட்டேன்."

நான் மேடையைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தேன். மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை இல்லை. கணவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். வசனம் இன்னும் நான்கு வரி இருக்கும்போதே மகளின் தோளைத் தொட்டு எழுப்பி, குனிந்தபடி வெளியே போய்விட்டார். வெளிச்சத்துக்கு எதிரில் நின்றாலும் கணவருக்கு முன்வரிசையில் யாரோ எழுந்து போவது தெரிந்திருக்கும். நடையைப் பார்த்ததும் யாரென்றும் தெரிந்திருக்கும். அவர் வசனத்தை முடித்தார். கைதட்டல் வந்தது. நல்ல கைதட்டல்.

திரைக்குப் பின்னால் வந்ததும் கேட்டார். "அவள யாருங்க கூப்பிட்டது?"

"நான்தான்ணே. உங்களுக்கு சந்தோசமா இருக்குமேன்னு…"

அவர் முகத்துப் பூச்சோடே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஷேவ் செய்திருக்கவில்லை.

"அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா டீச்சர். மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. போன எடுக்கல." வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "இன்னைக்கு நான் வர்றேன். எல்லாரும் இவ்வளவு நாளு பாடுபட்டிருக்காங்க, நான் வராம கெடுக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. அந்த வரிய மட்டும் மாத்திக்கலாங்களா? மொதல்ல இருந்த மாதிரி விஷம்னே சொல்லிடுறேன்."

மாற்றியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. இன்ஸ்பெக்டரின் இரண்டு கேள்வியைத் திருத்தினால் போதும். மருந்துக் கடைக்காரர் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் காலையிலிருந்து எனக்கு எட்டுப் பத்து பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோரும் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றியே பேசினார்கள். உடம்பு சிலிர்த்துவிட்டது என்றார்கள். இவ்வளவு வருடத்தில் என் நாடகத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"அது போனா நாடகமே இல்லண்ணே" என்றேன்.

"அப்படிங்களா?"

"நீங்க அதுல வாழ்ந்துட்டீங்க. இன்னைக்கு ஒரு நாளுதான."

அவர் தலையை ஆட்டினார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து குழம்பைக் கிளறினேன். ஞாபகமிருக்கிறது, அன்று பருப்பு உருண்டைக் குழம்பு. உருண்டை உடையாமல் வந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

அன்று கூடம் நிறைந்துவிட்டது. பின்னால் நின்றுகொண்டு பார்த்தார்கள். நின்றவர்களில் பலர் கடற்கரைக்காரர்கள். என் நாடகத்தின் பேர் பரவிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு பள்ளி உதவியாளர் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்தேன். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அப்போதும் நாடகத்தை நிறுத்தவில்லை. மணி அடித்தேன்.

கடைசிக் காட்சியில் அவர் அந்த வரியைச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், சத்தமாக, "அப்ப நெசந்தானா?" என்று கேட்டது.

இன்ஸ்பெக்டராக நின்ற மருந்துக் கடைக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், வசனம் மறந்தவர் பார்க்கிற மாதிரி. எனக்கும் எதை எடுத்துக்கொடுப்பது என்று தெரியவில்லை. விளக்குக்காரர் மட்டும் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம்தான். பிறகு மீதி நான்கு வரியையும் ஒன்று விடாமல் சொல்லி, கைவிலங்குக்குக் கையை நீட்டினார். திரை விழுந்தது. வழக்கமாக நாடகம் முடிந்ததும் எங்கள் விளக்குச் சாமானையெல்லாம் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் போவார். அன்று எதையும் தொடாமல் பக்கத்துக் கதவு வழியாகப் போனார்.

மூன்று வாரம் நான் அவர் கடைப் பக்கம் போகவில்லை. திருநள்ளாறு சாலையில் போகவேண்டியிருந்தால் சுற்றுவழியில் போனேன். கடைசியில் ஒரு மாலை, பள்ளி விட்டதும் போனேன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"எனக்குத் தெரியும்ணே" என்றேன். "உங்க மச்சான் விஷயம் எனக்குத் தெரிஞ்சதுக்கு அப்பறந்தான் வசனத்த மாத்துனேன். தெரியாம செய்யல."

அவர் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. "நெனச்சேன்" என்றார்.

காயில் பாதி ஆனதும் அவரே சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"வாடைக்காத்து டீச்சர். காலையில ஒம்பது மணி இருக்கும், போட்டு கவுந்துருச்சு. இன்ஜின் அவன் தலையில அடிச்சிருச்சு. ஐஸ் பெட்டி மூடி ஒண்ணு மெதந்துச்சு, அதப் பிடிச்சுக்கிட்டேன். இன்னொரு கையில அவன். மத்தியானம் வரைக்கும் பேசுனான். தண்ணி கேட்டான். அப்பறம் பேசல. செத்துட்டான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், ரெண்டு மணி நேரம். கை மரத்துப்போச்சு. மூடிய விடணும், இல்ல அவன விடணும். அவன விட்டேன். ஒரு மணி நேரத்துல நாகப்பட்டினத்துப் போட்டு வந்துருச்சு. இன்னும் ஒரு மணி நேரம் பிடிச்சிருந்தா ஒடம்பாச்சும் வந்திருக்கும்."

நான் எழுதிய வரி அவர் வாழ்க்கையில் நடந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரில் யாருக்குமே தெரியாது. கற்பனை என்று நினைத்து நானே எழுதினேன்.

"வீட்ல சொல்லலியா?"

"அலையில பிரிஞ்சுட்டோம்னு சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல. எங்க மாமியா அதப் பிடிச்சுக்கிட்டாங்க. பிரிஞ்சுதான போனான், இலங்கைக்காரன் தூக்கிட்டுப் போயிருப்பான், அங்க ஜெயில்ல இருப்பான்னு. யாராச்சும் விடுதலையாகி வந்தா போயி கேட்டுட்டு வருவாங்க. படத்துக்கு மால போடல. ஊரு என்ன பேசுனாலும் பேசட்டும், அந்தம்மா அப்படி நம்பிக்கிட்டே இருக்கட்டும்னு நான் வாயத் தொறக்கல. பதினோரு வருசம்."

"அப்ப ஏன்ணே நடிச்சீங்க? மொதல்லயே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"மாட்டேன்னு சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா ஒத்திகையில ஒரு தடவ வாய் விட்டுச் சொன்னதும் லேசா இருந்துச்சு டீச்சர். நாடகந்தான, யாருக்குத் தெரியப்போவுதுன்னு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து சொல்லிட்டுப் போவேன். அவ வருவான்னு தெரியாது." செப்புக் கம்பியை வெட்டினார். "கேட்டதும் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ தம்பியாச்சே. நான் நடிக்கத் தெரியாதவன்னும் அவளுக்குத் தெரியும்."

மீதியையும் அவரே சொன்னார். மனைவி அம்மா வீட்டில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் போய், இப்போது எனக்குச் சொன்னதையே சொன்னார். மாமியார் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் புரோகிதரைக் கூப்பிட்டுக் காரியம் செய்யச் சொன்னார். மகன் படத்துக்கு மாலை போட்டார். மனைவி திரும்பி வந்துவிட்டார். மாமியார் மட்டும் மருமகனைப் பார்ப்பதில்லை.

"அந்தம்மாவ நான் போயி பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எதற்கு என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் எழுந்து ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்தேன்.

பிறகு மருந்துக் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர். "எப்படியோ உண்ம வெளிய வந்துச்சுல்ல டீச்சர், ஊரு வாயும் அடங்கிப்போச்சு, அவரு மனசுலேருந்தும் பாரம் எறங்குச்சு" என்றார். ஊர் வாய் அடங்கியது உண்மைதான். இப்போது அவரோடு பழையபடி பேசுகிறார்களாம். ஆனால் அதற்காக நான் அதைச் செய்யவில்லை. கைதட்டலுக்காகச் செய்தேன். ஒரு தாய்க்கு மகன் உயிரோடிருந்த பதினோரு வருடத்தை, தெரிந்தோ தெரியாமலோ, நான் முடித்துவைத்தேன்.

போன மாதம் ஞாயிற்றுச் சந்தையில் அவர் மனைவியைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அவரே வந்தார். கையில் கீரைக்கட்டு.

"நல்லாருக்கீங்களா டீச்சர்?"

"என்ன மன்னிச்சிருங்க" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

அவர் கீரைக்கட்டைக் கை மாற்றிக்கொண்டார். "உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லச் சொன்னாரு. அவருக்கு இல்ல. எனக்கு இருக்கு டீச்சர். நீங்க என்ன எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு இப்பவும் யோசிக்கிறேன்."

"அன்னைக்கு உங்க முகத்தப் பாக்கத்தான் கூப்பிட்டேன்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்படியா" என்றார். அதிர்ச்சியெல்லாம் இல்லை. கீரைக்காரியிடம் மீதிச் சில்லறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "இதையாச்சும் சொன்னீங்களே."

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சாப்பிடுகிறார், தூங்குகிறார், யாராவது இலங்கையிலிருந்து விடுதலையாகி வந்தார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறார் என்றார். மருமகனை எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. பொங்கலுக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று ஓடினார்.